ஊளையிடும் சார்ஜர்

“வீங்கிடுச்சு பாரு,” என்றாள் மார்கிட்.

எஸ்கில் ஏக்வால் பார்த்தார். சமையலறை மேசையில், ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவு லித்தியம் பேட்டரி ஒன்று பூரி போல உப்பிக் கிடந்தது. சார்ஜரில் செருகிவிட்டு, பனி அள்ளக் கீழே போனவர் அதை அடியோடு மறந்துபோனதன் பலன்.

“லேசாத்தானே வீங்கியிருக்கு.”

“வீடு பத்திக்கிட்ட பிறகு லேசா இருக்குமா? ஒழுங்கா ஒரு சார்ஜர் வாங்கு. ஒண்ணே ஒண்ணு. ஏற்கெனவே கட்டிலுக்கடியில நாலு டப்பா ஒயரு கிடக்கு.”

எஸ்கிலுக்கு ஐம்பத்தெட்டு வயது. குளிர்காலம் வந்தால் ஞாயிறுதோறும் வெஸ்தெரோஸ் நகரப் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் உள்ளங்கை அகல விமானம் விடுவார். ஒரு பேட்டரி நான்கு நிமிடம் பறக்கும். வருடாந்தரப் போட்டிக்குப் பத்து பேட்டரி வேண்டும். விமானத்தோடு இலவசமாக வந்த சார்ஜரோ ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏற்றும், அதற்கும் முக்கால் மணி நேரம். மூன்று வருடமாக மனிதர் கடைசி இடம். போன தடவை ஒரு பல் டாக்டரும் ஒரு பாதிரியாரும் சேர்ந்து அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை.

எட்டு நாள் உட்கார்ந்து ஆராய்ந்தார். நோட்டுப் புத்தகத்தில் பதினோரு பத்தியில் அட்டவணை போட்டார். கல்யாணம் செய்துகொள்ளும்போதுகூட மனிதர் இவ்வளவு யோசிக்கவில்லை.

“ரயிலடிப் பக்கத்துல ஒரு கடை இருக்கே, போய்க் கேளேன்,” என்றாள் மார்கிட்.

“கேக்கறதா? எனக்குத் தெரியாததையா அவன் சொல்லப்போறான்?”

“கேக்க வேணாம்ப்பா. வாங்கிட்டு வா. நாளைக்கே போ.”

மறுநாள் போனார். சீட்டுக் கிழித்து, தன் எண் வரும்வரை நின்றார். கடைக்காரர் ஸ்டூரே மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, அதையே தேடிக்கொண்டேயிருந்தார்.

“ரொம்பச் சின்ன பேட்டரி. ஒரே நேரத்துல ஆறு ஏத்தணும்,” என்றார் எஸ்கில்.

ஸ்டூரே சட்டென்று தீப்பெட்டி மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தார். “பேரு சொல்லுங்க, உத்தரவாதச் சீட்டுல எழுதணும்.”

“எஸ்கில் ஏக்வால்.”

ஸ்டூரே அவரை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்ததை இருந்த இடத்திலேயே வைத்தார். குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து செங்கல் போன்ற பெட்டியை முக்கி முனகித் தூக்கி மேலே வைத்தார்.

“அப்ப உங்களுக்கு இதுதான்.”

“கொஞ்சம் பெருசா இருக்கே?”

“விஷயம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் இதை எடுப்பேன். உங்களுக்குச் சொல்லித்தரணுமா என்ன?”

அதோடு முடிந்தது. விஷயம் தெரிந்த மனிதர் வேறென்ன கேட்க முடியும்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் பிரித்தால், சுவரில் செருகக் கம்பியே இல்லை! அதற்குத் தனியாக ஒரு மின்பெட்டி வேண்டுமாம். மறுநாள் அதையும் வாங்கிவந்தார். இப்போது குட்டி பேட்டரியின் முனை பொருந்தவில்லை. அதற்கடுத்த நாள் ஆறு ஒயர் வாங்கினார். ஒருவழியாக எல்லாவற்றையும் மாட்டி, பொத்தானை அமுக்கினார்.

உள்ளே விசிறி சுழன்றது. சுழன்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. ஊளையிட்டது. பக்கத்து வீட்டு நாய் பதிலுக்கு ஊளையிட்டது.

“அணை!” என்று படுக்கையறையிலிருந்து ஓடிவந்தாள் மார்கிட். “இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

எஸ்கில் யோசித்தார். கொஞ்சம் அதிக நேரமே யோசித்துவிட்டார். மார்கிட் இடுப்பில் கை வைத்ததும் பெட்டியைத் தூக்கினார்.

பால்கனியில் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி உறைகுளிர். உறைகுளிரில் லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. அவருடைய அட்டவணையிலேயே ஏழாம் பத்தி. நிலவறைச் சாமான் அறையில் மின்சாரமே கிடையாது. மிச்சமிருந்தது கட்டடத்துக்கெல்லாம் பொதுவான சலவை அறை. சிமெண்டுத் தரை, சுவரெங்கும் பிளக்கு. இதைவிட நல்ல இடம் ஏது?

ஆனால் சலவை அறைக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘பொது இடங்களில் லித்தியம் பேட்டரி சார்ஜ் செய்யத் தடை. மீறுவோர் பெயர் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும்.’ கீழே கையெழுத்து: எஸ்கில் ஏக்வால், தலைவர்.

நாற்பத்திரண்டு வீட்டுக்கும் பதினோரு வருடமாக அவர்தான் தலைவர். போன வசந்தத்தில் அவரே கொண்டுவந்த விதி அது. ஆதரித்து முதலில் கை தூக்கியவள் மார்கிட். ஆண்டுக் கூட்டத்துக்கு மூன்றே வாரம். தலைவரே அகப்பட்டுக்கொண்டால் பதவியும் போகும், மானமும் போகும்.

போட்டியும் வேண்டும், பதவியும் வேண்டும். மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். சலவை முறை குறிக்கும் பலகையில் தன் வீட்டு எண் போட்ட பூட்டை மாட்டி, செவ்வாய்க்கிழமை மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டார். துணிக்கூடையின் அடியில் சார்ஜர், அதன்மேல் மடித்த சட்டைகள். ஊளைச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க இயந்திரத்தை ஓடவிட வேண்டும். ஓடவிட்டால் உள்ளே துணி இருக்க வேண்டும். ஆக, இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் எஸ்கில் முதன்முதலாகத் துணி துவைத்தார்.

மார்கிட்டின் கம்பளிச் சட்டை ஐந்து வயதுப் பிள்ளையின் அளவுக்குச் சுருங்கித் திரும்பியது. எஸ்கில் அடிவாங்கத் தயாராக நின்றார்.

“பரவால்லப்பா. பழக்கம் இல்லாத கை. அடுத்த தடவை தண்ணிச் சூட்டைக் குறைச்சு வை,” என்று கன்னத்தில் தட்டினாள். சந்தேகப்பட வேண்டிய இடம் அது. எஸ்கிலோ, தப்பித்தோமடா என்று காப்பி குடிக்கப் போனார்.

வாரத்துக்கு மூன்று முறை ஆனது. சட்டைகள் தீர்ந்து விரிப்புகள், விரிப்புகள் தீர்ந்து ஜன்னல் திரைகள். மார்கிட் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள். மாடிப்படியில் ஆண்கள் எஸ்கிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“ஏன்யா, நீ பாட்டுக்குத் துவைச்சுட்டுப் போயிடற. எங்க வீட்டுல பேச்சுக்கேட்டு மாளல,” என்று இரண்டாம் மாடிக்காரர் நேராகவே கேட்டுவிட்டார்.

அந்த வாரமே கதவில் ஒரு காகிதம் முளைத்தது: ‘சலவை அறையில் விநோத ஊளை. தலைவர் கவனிக்கவும்.’

எஸ்கில் அடியில் எழுதினார்: ‘விசாரணை நடக்கிறது.’

மறுநாள் அதற்கும் அடியில்: ‘யாரை விசாரிக்கிறீர்கள்? அந்நேரமெல்லாம் உள்ளே நீங்கள்தானே இருக்கிறீர்கள்?’

விசாரணையைக் கைவிடலாம் என்று பார்த்தால் செயற்குழுவே கூடி, விசாரணை அதிகாரியாக அவரையே நியமித்துவிட்டது.

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை. ஆறு பேட்டரியும் ஏறிக்கொண்டிருந்தன. துவைப்பு முடிந்து இயந்திரம் நின்றுபோனதை எஸ்கில் கவனிக்கவில்லை. கதவு திறந்தது. மூன்றாம் மாடி டாக்மார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லோரும் அவருக்கு நான்காம் வகுப்புதான்.

“அது என்ன சத்தம், தலைவரே?”

“துணி உலர்த்துற மெஷினு.”

டாக்மார் உலர்த்தியின்மேல் கையை வைத்தார். “சில்லுன்னு இருக்கே?”

எஸ்கில் கூடையை மறைத்துக்கொண்டு நின்றார். டாக்மார் கூடையிலிருந்த திரைச்சீலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். ஆறு பச்சை விளக்கு கண் சிமிட்டின.

“வாசிக்கட்டுமா கதவுல இருக்கறதை?”

“டாக்மார், வியாழக்கிழமை கூட்டம். என் மானத்தை வாங்கிடாதீங்க.”

“நான் எதுக்கு வாங்கறேன்? எனக்கு இந்தத் தோள்வலி. படுக்கை விரிப்பெல்லாம் அந்த மூலையில இருக்கற தேய்ப்பு உருளையில விட்டுத் தேய்க்க முடியல. பதினாலு விரிப்பு இருக்கு. மடிச்சா ஓரத்துக்கு ஓரம் சரியா வரணும், தெரியுமில்ல?”

“தேய்ச்சுத் தரேன்.”

“மாசாமாசம்.”

“...மாசாமாசம்.”

வியாழக்கிழமை இரவு கூட்டத்தில் எஸ்கில் ஆட்டுக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்மார் எழுந்து நின்றார்.

“விசாரிச்சாச்சு. ஊளைச் சத்தம் பழைய குழாயில காத்து புகுந்ததால. நம்ம தலைவர் ராத்திரி பகல் பாக்காம சலவை அறையிலேயே கிடந்து கண்டுபிடிச்சிருக்கார். அதனால அவரையே திரும்பத் தலைவரா வைக்கணும். கூடவே சலவை அறைப் பொறுப்பையும் அவர்கிட்டயே குடுத்துடணும்.”

பெண்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். முதல் கை இந்தத் தடவையும் மார்கிட்டுடையதுதான். இலவங்கப்பட்டை ரொட்டியும் காப்பியும் பரிமாறி, கூட்டம் முடிந்தது. எஸ்கிலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊர் தன்மேல் எவ்வளவு அன்பு வைத்திருக்கிறது!

ஞாயிறு போட்டி. பத்து பேட்டரியும் கொழுகொழுவென்று சார்ஜ் ஏறியிருந்தன. இருபத்துநான்கு பேரில் எஸ்கில் இருபத்து மூன்றாவது. கடைசி, பாதிரியார். எஸ்கில் ஓடிப்போய் அவருக்கு ஆறுதல் சொன்னார். மூன்று வருடப் பாரம் இறங்கியது.

காப்பி மேசைக்குப் பக்கத்தில் கடைக்கார ஸ்டூரே சின்னதாகக் கடை விரித்திருந்தார். அவர் முன்னால் தீப்பெட்டி மாதிரி ஏதோ ஒன்று, நேரே சுவரில் செருகியிருந்தது. அதில் ஆறு குட்டி பேட்டரிகள். சத்தம் மூச்.

“இது என்ன?”

“சார்ஜர்தான். வீட்டுக்குள்ள விமானம் விடறவங்க எல்லாரும் இதைத்தானே வாங்குவாங்க. நீங்க வாங்கினதுல கால்வாசி விலைகூட இல்ல.”

எஸ்கிலுக்குக் காது மடல் சிவந்தது. “அப்ப எதுக்குய்யா என் தலையில அந்த ஊளைப் பெட்டியைக் கட்டின?”

ஸ்டூரே கண்ணாடியைத் தலையிலிருந்து கண்டெடுத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: “உங்க வீட்டம்மாதான் முந்தின நாளே போன் பண்ணி, ‘ஏக்வால்னு ஒருத்தர் வருவார், வீட்டுல வெச்சுப் போடவே முடியாத சார்ஜராப் பாத்துக் குடுங்க’ன்னாங்க, இப்ப உங்க கட்டடத்துலேர்ந்தே இன்னும் ஏழு அம்மாங்க அதையேதான் கேக்கறாங்க, விமானமே இல்லாத புருஷங்களுக்கு!”