எண்பத்தொன்றுக்கு லேமினேஷன்

மதுரையில் இப்போது இளைத்தவர் என்றொரு இனம் பெருகி வருகிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் மணமக்களைப் பார்க்காமல், பக்கத்து நாற்காலிக்காரரின் வயிற்றையே பார்த்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, கழுத்துத் தோல் தளர்ந்து தொங்க, கண்ணில் மட்டும் ஞானோதயம் பெற்றவரின் வெளிச்சத்தோடு, அவர்தான். நடந்து இளைத்தவர்களையும் பட்டினி கிடந்து இளைத்தவர்களையும் இதில் சேர்க்காதீர்கள். அவர்கள் நாலு மாதத்தில் பழையபடி ஆகிவிடுவார்கள், ஊருக்கு ஆபத்தில்லாதவர்கள். இவர் ஆபரேஷன் செய்துகொண்டு இளைத்தவர். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்து அனுப்பியிருப்பார்கள். எடுத்தது இரைப்பையை மட்டும்தான். வாய் அப்படியே இருக்கிறது.

ஆபரேஷன் மேல் ஒரு குற்றமும் இல்லை. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடியாத எத்தனையோ பேரை அது எழுப்பி நடக்க வைத்திருக்கிறது. குற்றமெல்லாம் இளைத்தவர் மேல்தான். அவர் சரித்திரத்தையே இரண்டாக வெட்டிக்கொண்டார்: ஆ.மு., ஆ.பி. ஆபரேஷனுக்கு முன், ஆபரேஷனுக்குப் பின். மகளின் கல்லூரிச் சேர்க்கை எப்போது என்று கேட்டால், 'ஆ.பி. ரெண்டாவது வருசம்' என்கிற பாவனையில்தான் பதில் வரும். போனை எடுத்தால் பழைய போட்டோ. பையைத் திறந்தால் பழைய பேன்ட். ஆமாம், பழைய பேன்ட். விசேஷ வீட்டுக்கு அதை மடித்து எடுத்துக்கொண்டு வருகிற மனிதரை வேறு எந்த இனத்தில் கண்டிருக்கிறீர்கள்? நாலு பேர் கூடினதும் அதைப் பிரித்து, இரண்டு காலையும் ஒரே குழலுக்குள் விட்டுக்காட்டி, 'இதுல இன்னொருத்தர் வரலாம்' என்பார். யார் வருவார்?

நம் கையில் இருக்கும் மாதிரி, முத்திருளன். ஐம்பத்திரண்டு வயது. வீடு பழங்காநத்தம், கடை சிம்மக்கல். கிரைண்டர், மிக்ஸி விற்பனையும் சர்வீஸும். ஐந்து வருஷத்துக்கு முன் நூற்று முப்பத்திரண்டு கிலோவாக ஆஸ்பத்திரிக்குள் போனவர், ஒரே வருஷத்தில் எண்பத்தொன்றாக வந்து நின்றார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். முட்டிவலி போனது. இதெல்லாம் உண்மை. இளைத்தவர்கள் சொல்வதில் முதல் வருஷம் வரைக்கும் எல்லாமே உண்மைதான்.

ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், முதல் வருஷம், இரண்டாம் வருஷம் என்று கட்டம் கட்டமாக இறங்கி, கடைசியில் 'ஆண்டுதோறும், ஆயுள் முழுவதும்' என்று முடியும் அட்டை. ஒவ்வொரு கட்டத்திலும் எடை, சர்க்கரை, ரத்தம், விட்டமின் எழுத இடம். முதல் வருஷக் கட்டத்தில் டாக்டர் 81 என்று எழுதி, பக்கத்தில் 'மிக நன்று' என்றும் எழுதினார். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அந்தச் சொல்லைக் காணாத முத்திருளன் என்ன செய்வார்? நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் அட்டைக்கு லேமினேஷன் போட்டார். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். அதற்குக் கீழே இருந்த கட்டங்கள் எல்லாம் காலி. காலியாகவே பளபளத்தன.

அன்றோடு ஆஸ்பத்திரிப் பக்கம் போவது நின்றது. 'ஆயுள் முழுவதும்' என்பதை அவர் தொழில்காரர் கண்ணால் படித்திருந்தார்: லைஃப்டைம் கேரண்டி. ஒரு தடவை ரிப்பேர் பார்த்தாயிற்று, இனி ஆயுசுக்கும் கவலையில்லை. விட்டமின் மாத்திரை? உடம்பு நன்றாக இருக்கிறவனுக்கு மாத்திரை எதற்கு? அந்த டப்பாவைக் கழுவி, கிரைண்டர் நட்டுகளைப் போட்டு வைத்துக்கொண்டார்.

இதே மனிதர் கடையில் இன்னொரு பலகையும் மாட்டியிருக்கிறார்: 'சர்வீஸுக்கு வராத மிஷினுக்கு கேரண்டி கிடையாது.' ஒரு அம்மா வந்து, மிக்ஸி நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது என்று சண்டை போட்டால், இவர் நிதானமாகப் பாடம் எடுப்பார். "ஓடுதுன்னா நல்லாருக்குன்னு அர்த்தமில்லம்மா. உள்ளுக்குள்ள கார்பன் தேஞ்சுக்கிட்டே இருக்கும். ஓடும், ஓடும், ஒருநா நின்னுரும்." அந்த அம்மா மிக்ஸியைச் சர்வீஸுக்கு வைத்துவிட்டுப் போவாள். எப்பேர்ப்பட்ட அறிவு. தன் தலைக்கு மேலே தொங்கும் அட்டையை மட்டும் அது எட்டவில்லை.

பந்தியில் இளைத்தவரைப் பார்ப்பது தனிக் காட்சி. பரிமாறுகிறவரிடம் மூன்று இலை தள்ளிக் கேட்கிற குரலில், கொஞ்சம், கொஞ்சம், போதும் என்பார். மூன்று வாய். நாலாவது வாய்க்கு இலையை மூடிவிட்டு, கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக்காட்டி, நம்ம வயிறு இம்புட்டுத்தான் என்பார். சுற்றியிருப்பவர்கள் கையில் எடுத்த கறித்துண்டோடு வெட்கப்படுவார்கள். அவர்களுக்குத் தெரியாதது மாலை நாலு மணிக்கு நடக்கும். கல்லா மேஜைக்குக் கீழே காராச்சேவு டின். ஒரு பிடி, போன் வந்தால் இன்னொரு பிடி, வியாபாரம் படியாவிட்டால் ஆறுதலுக்கு ஒரு பிடி. அது சாப்பாடா? இலை போடவில்லையே. பிறகு சாயங்காலம் பருத்திப்பால், வெல்லம் தூக்கலாக, இரண்டு டம்ளர். ஆபரேஷன் முடிந்த புதிதில் தண்ணியாகக் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்களாம். இரண்டு வாரத்துக்குச் சொன்னது. இவர் ஐந்து வருஷமாகக் கடைப்பிடிக்கிறார். இப்படியொரு கட்டுப்பாடு யாருக்கு வரும்?

பெல்ட்டில் உள்ளே உள்ளே என்று ஆணியால் போட்ட ஓட்டைகளை இப்போது அவர் திரும்பி வரும் வழியாகப் பயன்படுத்தி வந்தார். வீட்டு எடை மிஷினைத் தரை சமமாக இல்லையென்று பரணில் ஏற்றியாயிற்று. இதெல்லாம் அவருக்குத் தெரியாமலில்லை. தெரியும். அட்டையில் 81 என்று இருக்கும்போது தெரிந்து என்ன பயன்?

போன வைகாசியில், ஒத்தக்கடையில் ஒரு காதுகுத்து. முத்திருளன் பையோடு வந்திருந்தார், உள்ளே பேன்ட். இந்த முறை சபை பெரிதல்ல, ஒரே ஆள். ஆனால் பழுத்த ஆள். மனைவி பாண்டீஸ்வரியின் தம்பி தங்கப்பாண்டி, நூற்று இருபத்தாறு கிலோ, பாத்திர வாடகைக் கடை வைத்திருப்பவன், நாற்பது வயதுக்குள் இன்சுலின். அடுத்து வந்த வியாழக்கிழமை அவனுக்கு அதே ஆஸ்பத்திரியில் அதே ஆபரேஷன். மச்சானைப் பார்த்துத்தான் துணிந்திருந்தான். டாக்டர் அவனிடம் நாலு தடவை உட்கார்ந்து பேசியிருந்தார். அந்த நாலு தடவையைவிட மச்சானின் ஒரு வார்த்தை அவனுக்குப் பெரிது. அதைக் கேட்கத்தான் சாப்பிட்டு முடித்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், ஆயுசுக்கும் மாத்திர போடணும்கிறாக. வருசா வருசம் ரத்தம் பாக்க வரணுமாம். போடாட்டி நரம்பு போயிருமாம். நெசமா?"

"அது அவுக பொழப்பு மாப்ள."

"இல்ல, நீங்க வேணாம்னா நான் போடல. அதான் கேக்குறேன்."

ஒரு மனிதனின் மீதி வாழ்க்கை இப்படித்தான் சில நேரம் பாயசக் கிண்ணத்துக்கும் வெற்றிலைத் தட்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முத்திருளனுக்கு அது தெரிந்ததா? ஒரு கணம் தெரிந்தது. ஏனென்றால் எட்டு மாதமாக அவருக்குத் தன் பாதங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு தரை பஞ்சு மெத்தை மாதிரி ஆனது. செருப்புக் கம்பெனி சரியில்லை என்று முடிவுகட்டி மூன்று செருப்பு மாற்றினார். மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால் பேன்ட்டை என்ன செய்வது?

"என்னையப் பாரு," என்று எழுந்தார். "நாலு வருசமா ஒத்த மாத்திர போடல. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

நல்ல கேள்வி. பதில் உடனே வந்தது.

பந்திக் கூடத்திலிருந்து வெற்றிலைத் தட்டு இருந்த பந்தலுக்குப் போக, நடுவில் ஒரு சிமெண்டுத் தரையைத் தாண்ட வேண்டும். ஒரு மணி வெயில். முத்திருளன் பேசிக்கொண்டே நடந்தார், ஆ.மு.வின் இருளையும் ஆ.பி.யின் ஒளியையும் விளக்கினார்; இடையில் நின்று கைவீசி, வயிறு என்பது வெறும் பழக்கம் மாப்ள என்றார். அப்படி நிற்கையில்தான் தங்கப்பாண்டி பார்த்தான், மச்சானின் இடது கால் செருப்பு பத்தடிக்குப் பின்னால் கிடந்தது. மச்சான் வெறுங்காலைக் கொதிக்கிற சிமெண்டில் ஊன்றி உபதேசம் செய்துகொண்டிருந்தார். துள்ளவில்லை. முகம் சுளிக்கவில்லை. செருப்பு இல்லை என்பதே தெரியவில்லை.

தங்கப்பாண்டி செருப்பை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் நீட்டினான்.

"மச்சான், இது யாரோடது?"

முத்திருளன் குனிந்து பார்த்தார். எந்தக் கால் வெறுங்கால் என்று கண்டுபிடிக்கக் கண் வேண்டியிருந்தது. பந்தல் நிழலில் உட்கார வைத்துக் காலைத் திருப்பிப் பார்த்தால், உள்ளங்காலில் எட்டணா அளவுக்கு இரண்டு கொப்புளம். பாண்டீஸ்வரி வந்தாள். கூச்சல் போடவில்லை. எம்புட்டு நாளா என்று மட்டும் கேட்டாள். அவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார்.

"கடைக்கு வர்ற பொம்பளைகளுக்கு என்ன சொல்லுவீக? ஓடுதுன்னா நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. அதத்தான?"

மறுநாள் காலையில் கடைக்குப் போய் ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றினவள் அவள்தான். ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனார்கள். தங்கப்பாண்டிக்கு ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை இருந்தது. முத்திருளனின் இரத்தத்தில் விட்டமின் பி-12 தரை தட்டியிருந்தது. சர்க்கரை சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து குடியேறியிருந்தது. எடை மிஷின் நூற்று நாலு காட்டியது. முத்திருளன் குனிந்து, தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஊசியை இன்றே ஆரம்பிக்கலாம், ஆனால் உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது, மாதக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் வருஷத்துக்குப் பிறகு ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதற்கு, கடையில் வேலை என்று பதில் வந்தது.

நர்ஸ் தமிழ்வாணி அட்டையை வாங்கி ஐந்தாம் வருஷக் கட்டத்தில் எழுதப் போனாள். பேனா வழுக்கியது. இன்னொரு பேனா எடுத்தாள். அதுவும் வழுக்கியது.

"என்னண்ணே இது, எழுத விடாமப் பண்ணி வச்சிருக்கீங்க?"

ஓரத்தைக் கத்தரித்து, பிளாஸ்டிக்கை உரித்துப் பார்த்தாள். பாதி உரிந்தது. உரிந்த பாதியோடு அட்டையின் மேல்தோலும் சேர்ந்து வந்தது. 81-ம் 'மிக நன்று'-ம் பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொண்டன. கையில் மிஞ்சியது வெறும் சாம்பல் நிறக் காகிதம். தமிழ்வாணி அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, புது அட்டை ஒன்றை எடுத்து, முதல் வரியில் 104 என்று எழுதி முத்திருளனிடம் நீட்டினாள். அடுத்த அட்டை தங்கப்பாண்டிக்கு. அவன் இரண்டு கையாலும் வாங்கினான். அத்தனை கட்டங்களையும் விரல் வைத்து எண்ணிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்தில் விரலை நிறுத்தி, மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டான். வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அப்படியானால் முத்திருளன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இளைத்தவர் திருந்துவதா? அடுத்த மாதமே பழங்காநத்தத்தில் ஒரு புதுமனை புகுவிழாவில் அவர் பேசிக்கொண்டிருந்தார். தலைப்பு மாறியிருந்தது: பி-12. அது இல்லாத மனிதன் மனிதனே இல்லையாம். ஊசி போட்ட கையைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். பேன்ட் வரவில்லை; அதைப் பாண்டீஸ்வரி கடைக்கு அனுப்பி, கிரைண்டர் துடைக்கும் துணியாக்கிவிட்டாள். ஆனால் புது அட்டையை அவர் ஒரு கண்ணாடி உறைக்குள் போட்டிருந்தார். தேவைப்பட்டால் வெளியே எடுக்கலாம் என்கிற அளவுக்கு முன்னேற்றம்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள். உங்களுக்கென்ன, உங்கள் வயிற்றில் யாரும் கத்தி வைக்கவில்லை. நீங்கள் அரிசியை நிறுத்தியவராக இருக்கலாம், காலையில் பூங்காவில் எட்டுப் போட்டு நடப்பவராக இருக்கலாம், வெந்தயத் தண்ணியில் சர்க்கரையை விரட்டியவராக இருக்கலாம். சரி. பீரோவில் ஒரு ரிப்போர்ட் மடித்து வைத்திருப்பீர்களே, 'எல்லாம் நார்மல்' என்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவதற்கு, அதில் என்ன தேதி போட்டிருக்கிறது? பார்க்க வேண்டாம், பரவாயில்லை. சும்மா எழுந்து நாலு அடி நடந்துவிட்டு, குனிந்து ஒன்று மட்டும் பாருங்கள்.

செருப்பு இரண்டும் காலில் இருக்கின்றனவா?