ஒற்றைக்கால் சட்டம்

சட்டச்சாமி ஊருக்கு வந்த மூன்றாம் மாதமே வக்கீல்கள் ஈ ஓட்டத் தொடங்கினார்கள். சனிக்கிழமை காலையில் அவர் பிடித்த வாடகை மண்டபத்து வாசலில் முதலாளிகள் முண்டியடித்தார்கள். வேலையாள் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பவர்கள், இங்கே மூன்று மணி நேரம் முணுமுணுக்காமல் வரிசையில் நின்றார்கள். பக்தி என்றால் சும்மாவா!

சட்டத்தைப் பற்றிய அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. மாநில அரசு ஒரு சட்டம் போடும். மத்திய அரசு அதைத் திருத்தும். திருத்தத்துக்கு மாநிலம் புதிதாக விதி எழுதும். ஓவர்டைம், விடுப்பு, நியமனக் கடிதம் எதுவும் போன வருஷம் இருந்தபடி இந்த வருஷம் இல்லை. எல்லாவற்றையும் படிக்க வேண்டும். படிப்பது கஷ்டம். சாமி வந்தார், அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

அவர் விற்றது ஒரு மரப்பலகை. சிவப்புத் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்தது. இரண்டு அரசாங்கங்களின் சட்டங்களும் உள்ளே அடக்கம், இனி வரப்போவதும் அடக்கம். சுவரில் மாட்டினால் போதும். பிரித்தால் மட்டும் சக்தி போய்விடும்.

தொண்ணூறு நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார் என்பார் சாமி. வராவிட்டால் அது பலகையின் சக்தி. வந்துவிட்டால், முதலாளி மனதில் சந்தேகம் புகுந்துவிட்டது என்பார். நாற்பது நாளுக்குள் ஒரு சட்டம் மாறும் என்பார். மாறும். இரண்டு அரசாங்கங்கள் இருக்கிற இடத்தில் மாறாமல் இருந்தால்தான் அற்புதம்.

சலவைக்கூட முதலாளியும் ஒரு பலகை வாங்கினார். கண்ணில் படும்படியான இடத்தில் ஏதோ அரசாங்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதன் மேலேயே ஆணி அடித்து மாட்டினார். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த நிம்மதி ஒரு வியாழக்கிழமை கருகியது. துணி அழுத்தும் இயந்திரத்தில் நிற்பவளை எல்லோரும் 'நீராவி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வாயைத் திறந்தால் அப்படி ஆவி பறக்கும். அன்று சூடான மேல்தட்டு இறங்கியபோது அவள் சட்டைக்கை மாட்டிக்கொண்டது. உருவி எடுத்துவிட்டாள். விரல்களுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு அரிசி நுழையும் இடம்தான் இருந்தது.

"முதலாளி, இந்த மெஷினுக்குத் தடுப்பு போடணும்னு புதுச் சட்டம் வந்திருக்காம். எதிர்க்கடையில போட்டுட்டாங்க."

"நாமதான் பலகை மாட்டியிருக்கோமே அம்மா."

"பலகை சுவத்துல இருக்கு. என் கை மெஷின்ல இருக்கு."

முதலாளி கருகிய சட்டைக்கையைப் பார்த்தார், சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. யோசிக்கிற வேலையை வெளியே கொடுத்துவிட்டவர், அவ்வளவுதான்.

"சாமிகிட்டயே கேட்டுடுவோம். நீயும் வா."

"வர்றேன். எனக்கும் ஒரு கேள்வி இருக்கு."

சனிக்கிழமை மண்டபத்தில் வழக்கம்போல எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார் சாமி. மூடினார்கள். நீராவி மட்டும் மூடவில்லை. சாமி கொட்டாவி விட்டதை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

எழுந்து நின்றாள். "சாமி, போன வாரம் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டிருக்கு. அழுத்து மெஷின்ல நிக்கிறவங்க ஒத்தக் கால்லதான் நிக்கணுமாம். அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

சாமி கண் திறக்காமலே சிரித்தார். "நாற்பது நாளா அந்தச் சட்டம் என் கனவுல வந்து நிக்குது மகளே."

"எப்படி நிக்குது, ஒத்தக் கால்லயா?"

"கேலி வேண்டாம். மாநில அரசும் அடுத்த மாதம் அதை ஏத்துக்கும். மெஷினுக்கு மட்டும் இல்ல, அடுப்புக்கும் வரும். இதுக்குப் பழைய பலகை தாங்காது. பெரிய பலகை வேணும்."

ரொட்டிக்கடை முதலாளி பதறி எழுந்தார். "சாமி, எனக்கு ரெண்டு!"

சலவைக்கூட முதலாளி குனிந்து பார்த்தார். தன் இடது கால் தரையை விட்டு எழும்பியிருந்தது. எப்போது எழும்பியது என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்தச் சட்டத்தை இன்னிக்குக் காலையில பஸ்ல வரும்போது நானே போட்டேன் சாமி," என்றாள் நீராவி. "ரெண்டு அரசாங்கத்துக்கும் நான் இன்னும் சொல்லவே இல்ல."

சாமியின் கண் இப்போதுதான் திறந்தது. "இது... இது பக்தியைச் சோதிக்க நான் வெச்ச பரீட்சை..."

"பரீட்சையில யாரு தோத்தாங்க?"

முதலாளி காலைக் கீழே வைத்தார். மேடையில் அடுக்கியிருந்த பலகைகளில் ஒன்றை எடுத்தார். அரக்கை உடைத்துத் துணியை விலக்கினார். உள்ளே குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் உத்தரவாதச் சீட்டு ஒட்டியிருந்தது. உரக்கப் படித்தார்: "கீழ்க்கண்ட சேதங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல."

அந்த மண்டபத்தில் மூன்று மாதத்தில் ஒலித்த ஒரே உண்மை அதுதான்.

கூட்டம் மற்ற பலகைகள் மேல் பாய்ந்தது. எல்லாவற்றிலும் அதே சீட்டு. இரண்டு கால்களையும் பயன்படுத்திப் பின்வாசல் வழியே ஓடினார் சாமி. ரொட்டிக்கடைக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "என் வீட்டுப் பெட்டி அதே கம்பெனிதான்ப்பா. இதுல ஏதோ இருக்கு," என்று ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

சலவைக்கூடத்துக்குத் திரும்பியதும் முதலாளி பலகையைக் கழற்றினார். பின்னால் அந்த நோட்டீஸ், நடுவில் ஆணி ஓட்டையோடு இருந்தது. அழுத்து இயந்திரங்களுக்கு மாத முடிவுக்குள் தடுப்பு பொருத்த வேண்டும். அதுவரை இயக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் கேட்க ஒரு தொலைபேசி எண், இலவசம்.

முதலாளி அந்த எண்ணுக்கு போன் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். ஜலதோஷம் பிடித்த ஒரு குரல், எந்தத் தடுப்பு, எங்கே பொருத்துவது, அடுத்த மாதம் என்ன மாறுகிறது என்று தும்மல்களுக்கு நடுவே பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தது. கண்ணை மூடச் சொல்லவே இல்லை.

முதலாளி போய் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார். கூடம் சட்டென்று நிசப்தமானது.

"தடுப்பு வர்ற வரைக்கும் நீ மடிக்கிற மேஜைக்குப் போ அம்மா. சம்பளம் குறையாது." பிறகு தயக்கத்தோடு கேட்டார், "அடுத்த மாசமும் மாறுமாமே. எப்படித்தான் சமாளிக்கிறது?"

நீராவி கருகிய சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

"படிச்சுத்தான் முதலாளி. மாசத்துக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்தா போதும். உங்க கண்ணை மூடச் சொல்றவன், உங்க கையைக் கேக்கறதில்ல. என் கையைத்தான் கேக்கறான்."