உப்புப் பார்க்கும் பதவி பறிக்கப்பட்டது குறித்து

கொப்பரலங்க, அமலாபுரம் வழி
வைசாக மாதம், ஆவக்காய் போட்ட ஐந்தாம் நாள்

நாகபுரியில் குடியிருக்கும் சௌபாக்கியவதி ஹைமவதிக்கு உன் சித்தப்பா காசீபதி, எட்டுத் திசையிலிருந்தும் ஆசீர்வாதங்களைத் திரட்டி அனுப்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என் ஒருவனைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்பது முறை. கேட்டதாக வைத்துக்கொள். நான் கோபத்தில் இருக்கிறேன்.

இனி எழுதப்போவதைக் கோதாவரியின் எந்தக் கிளையின் கரையிலும் ஒரு பிராணியும் நம்பாது என்று கையில் துளசித் தண்ணீர் எடுத்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பமாட்டாய். நானே கனவோ என்று இரண்டு தரம் கிள்ளிப் பார்த்தேன். இரண்டாவது கிள்ளு உன் சித்தி காமேஸ்வரி மேல் பட்டுவிட்டது. அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான்: நாற்பத்தோரு வருடமாக நான் வகித்துவந்த உப்புப் பார்க்கும் பதவியைப் பறித்துவிட்டார்கள்.

அது என்ன பதவி என்று உனக்குத் தெரியும். மாப்பிள்ளை மராட்டிக்காரர், கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பார், அவருக்காக எழுதுகிறேன். முதல் நாள் மாங்காய்த் துண்டு, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, நல்லெண்ணெய் எல்லாம் ஜாடிக்குள் போகும். மூன்றாம் நாள் ஜாடியைத் திறந்து அகலப் பாத்திரத்தில் கொட்டி, அடிமேலாகப் புரட்டி, உப்புப் பார்த்து, திரும்ப ஏற்றுவார்கள். பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிவப்பு விழுதில் கொதிக்கக் கொதிக்கச் சோற்றைக் கொட்டி, நெய்யைக் கவிழ்த்துப் பிசைந்து, வீட்டிலிருக்கிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு உருண்டை வைப்பார்கள். முதல் உருண்டை உப்புப் பார்த்தவனுக்கு. இது நம் வீட்டு அரசியல் சாசனம். அந்த ஒரு உருண்டைக்காகத்தான் நான் மற்ற பதினோரு மாதமும் உயிரோடிருக்கிறேன்.

இந்தப் பதவி எனக்குச் சும்மா வந்ததா? என் அம்மா ஆட்சியில் அவள் போட்ட உப்பைக் குறை சொல்ல ஊரில் ஆள் கிடையாது. சொன்னவர்கள் இரவோடிரவாக ஏனாமுக்கு ஓடிப்போனதாகக் கேள்வி. இருபத்திரண்டு வயதுப் பையன் நான் ஒருவன்தான் நெஞ்சை நிமிர்த்தி, "அம்மா, உப்பு குறைச்சல்" என்றேன். தென்னையில் ஒரு கீற்று அசையவில்லை. கோதாவரி சற்று நின்று பார்த்துவிட்டுப் போனது. அம்மா நாலு பிடி உப்பைச் சேர்த்தாள். அந்த வருடத்து ஆவக்காயை நக்கிப் பார்த்த பக்கத்துத் தெருக் கிழவர் ஒருவர், வைகுண்டத்திலிருந்து வந்த விமானத்தை "அப்புறம் வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஜாடி தீர்ந்த பிறகுதான் போனார்.

அப்படிப்பட்டவனை, ஹைமா, ஒரு தராசு வந்து தோற்கடித்தது.

உன் தம்பி பெண்டாட்டி ப்ரத்யூஷா நல்ல பெண். ஹைதராபாத்தில் வளர்ந்தாலும் தலைக்கனம் இல்லாதவள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேலையும் பார்க்கிறாள், முருங்கைக்கீரையும் ஆய்கிறாள். கல்யாணமாகி வந்து இவளுக்கு இதுதான் முதல் ஆவக்காய். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உன் அம்மா பின்னாலேயே அலைந்தாள்.

"அத்தை, மிளகாய்ப்பொடி எழுதிட்டேன், கடுகுப்பொடி எழுதிட்டேன். உப்பு எவ்வளவு?"

"காசீபதி போதும்கிற வரைக்கும்."

"அத எப்படி அத்தை எழுதறது? மிளகாய்ப்பொடி அஞ்சு கிலோ, கடுகுப்பொடி அஞ்சு கிலோ, சின்ன மாமா ஒண்ணுன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது உன் சித்தி. "அவர எடை போட இந்தத் தராசு பத்தாதும்மா, ரைஸ் மில்லுக்குத்தான் கொண்டுபோகணும்" என்றாள். ஒரு மனைவி பேசுகிற பேச்சா இது?

அந்தத் தராசு கண்ணாடித் தட்டு வைத்தது. பத்து கிராம் கூடினால் கீச்சென்கிறது. அதில் உப்பைத் தங்கம் நிறுப்பதுபோல் கிலோ கிலோவாக நிறுத்து, இருபத்தைந்து கிலோ மாங்காய்த் துண்டுக்கு ஐந்து கிலோ உப்பு என்று கணக்குப் போட்டுக் கலந்துவிட்டாள். மூன்றாம் நாள் வரட்டும் என்று பெருந்தன்மையோடு இருந்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையே குளித்தேன். ஆவக்காய்ப் பக்கம் ஈரக்கை போகக்கூடாதே என்று துவட்டித் துவட்டி என் உள்ளங்கையில் ஆயுள் ரேகை பாதி அழிந்துவிட்டது. பட்டாபிஷேகத்துக்குப் போகிறவன்போல் நடந்துபோய் மணையில் உட்கார்ந்து, வலது கையை நீட்டினேன்.

"சின்ன மாமா, நீங்க எதுக்கு சிரமப்படறீங்க? எடை போட்டாச்சு. பார்க்க வேண்டாம்."

"பார்க்க வேண்டாமா?"

"கணக்கு சரியா இருக்கு மாமா."

உன் அம்மாவைப் பார்த்தேன். சேஷமாம்பா என்ற அந்த அம்மாள், என் அண்ணி, நான் மதனபள்ளிக்கு மாட்டு வியாபாரம் செய்யப் போகிறேன் என்று வீட்டை விட்டுக் கிளம்பியபோது வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தவள், கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜாடி ஏறியது. பாத்திரத்தில் சோறு விழுந்தது. நெய் விழுந்தது. அந்த வாசனை, ஹைமா! தேங்காய் பறிக்க மரத்தில் ஏறியிருந்த வீர்ராஜு கைப்பிடியை விட்டுவிட்டுக் காற்றிலேயே நடந்து இறங்கி வந்தான். முதல் உருண்டை ப்ரத்யூஷாவுக்கு. இரண்டாவது உன் தம்பிக்கு. மூன்றாவது உன் சித்திக்கு. நான்காவது, ஹைமா, வீர்ராஜுவுக்கு! அவன் எந்த வருடம் உப்புப் பார்த்தான்?

என் கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு வயலில் படிந்த வண்டல் மாதிரி அதில் ஏதோ இருந்தது.

"அண்ணி, இது என்ன?"

"மோர் சாதம்."

"அது தெரியுது. எதுக்கு?"

"சாப்பிடத்தான்."

"உப்பு இல்லியே!"

"இல்லாமத்தான் செஞ்சது."

ப்ரத்யூஷாதான் உண்மையை உடைத்தாள். "ஹைமாக்கா போன் பண்ணினாங்க மாமா. நூத்தி எழுபதாமே பிரஷர். ஊறுகாய்னு மூச்சே விடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாராமே. நீங்க எங்ககிட்ட சொல்லவேயில்லியே?"

வாசலில் பெயர்ப்பலகை மாட்டியது போல் அந்த நூற்று எழுபதை வீடு முழுக்கச் சொல்லியிருக்கிறாய். சங்கராந்திக்கு உன் வீட்டுக்கு வந்தவனை, "சும்மா ஒரு நடை போயிட்டு வரலாம் சித்தப்பா" என்று கூட்டிப்போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாய். வைத்தியத்துக்கு என்று சொல்லியிருந்தால் வந்திருப்பேனா? ஏமாற்றி இழுத்து வந்த மனுஷனுக்குப் பிரஷர் ஏறாமல் பின்னே இறங்குமா? உனக்குப் பல் முளைத்த வருடம் முதல் ஆவக்காய்ச் சோற்றை ஊட்டியது யார்? உறைக்கிறது என்று நீ அலறியபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு படகுத் துறை வரை ஓடியது யார்? அந்தத் தோளுக்கு நீ செய்கிற மரியாதை மோர் சாதமா? அதுமட்டுமா, தராசு வந்த அட்டைப் பெட்டியைக் குப்பையில் புரட்டிப் பார்த்தேன். அனுப்பியவர் பெயர் உன் கையெழுத்தில் இருக்கிறது. என் பதவிக்கு ஆப்பு நாகபுரியிலேயே சீவப்பட்டிருக்கிறது!

"உப்புக்கு ஒரு உத்தியோகம், அதுக்கு ஒரு ரிடையர்மென்ட், அதுக்கு இவ்வளவு ஒப்பாரியா?" என்றாள் உன் சித்தி, விரலை நக்கிக்கொண்டே.

ஆனால் தர்மம் ஒன்று இருக்கிறது. நான்காம் நாள் காலை சாமான் அறைக்குப் போனேன். ஜாடியைத் தொடவில்லை. மூடியைத் திறக்கவில்லை. குனிந்து காதை மட்டும் வைத்தேன். உப்பு சரியாக விழுந்த ஆவக்காய் தவத்தில் உட்கார்ந்திருக்கும். உப்பு குறைந்த ஆவக்காய் புலம்பும். இது மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீடு வந்த பெண்போல் புலம்பியது. நான் போட்ட கூச்சலில் ஆற்றுக்கு அக்கரையில் இரண்டு படகுகள் நங்கூரம் பாய்ச்சின.

"உப்பு குறைச்சல்!"

ப்ரத்யூஷா கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். "மாமா, வாயில வெச்சுப் பார்த்தீங்களா?"

"வெச்சா உன் நாத்தனார் நாகபுரிலேர்ந்து போலீஸ் அனுப்புவாளே! காதால கேட்டேன்."

"உப்பு சத்தம் போடுமா?"

"குறைஞ்சா போடும். நிறைஞ்சா அடங்கிடும். மனுஷங்க மாதிரிதான்."

"நான் சரியாத்தான் மாமா நிறுத்தேன்."

"நீ நிறுத்தது சரி. எத நிறுத்தேங்கறதுதான் கேள்வி. மூட்டையில மிச்சமிருக்கற உப்புல ஒரு கிலோ எடு. மாடியில வெயில்ல காயவை. மத்தியானம் திரும்ப நிறு."

சிரித்துக்கொண்டேதான் காயவைத்தாள். ஹைதராபாத்தில் உப்பு உப்பாகவே இருக்கும். கடலும் ஆறும் இரண்டு பக்கமும் நெருக்குகிற நம் ஊரில் அது எந்நேரமும் அழுதுகொண்டே இருக்கும். அதிலும் போன வாரம் இரண்டு நாள் மழை. மத்தியானம் தராசில் கொட்டினாள். தொள்ளாயிரத்து இருபது. அவள் சிரிப்பு நின்றது. விரல்விட்டு எண்ணினாள்.

"எண்பது கிராம் தண்ணிய உப்புன்னு போட்டிருக்கேன் மாமா. அஞ்சு கிலோவுக்கு நானூறு!"

கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று பார்த்தேன். அந்தப் பெண் காய்ந்த உப்பை இடித்து, நானூறு கிராம் நிறுத்து, ஆவக்காயைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டித் தானே புரட்டி, ஜாடியில் ஏற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டாள். "இன்னொரு தரம் காது வெச்சுக் கேட்டுச் சொல்லுங்க மாமா." வைத்தேன். "தூங்கிடுச்சு" என்றேன். அப்படி ஒரு நிம்மதியை நான் அவள் முகத்தில் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

ஆக, ஒரு வருட ஆவக்காய் பூஞ்சை பிடிக்காமல் பிழைத்தது. பதவி திரும்பி வந்தது. ஆனால் உருண்டை வரவில்லை! பாத்திரம் இரண்டாம் தரம் சிவந்திருந்தது, சோறு இரண்டாம் தரம் விழுந்தது, வீர்ராஜு இரண்டாம் தரம் இறங்கி வந்தான். நான் கையை நீட்டினேன். "காதால கேட்டவங்களுக்கு வாய்க்கு எதுக்கு?" என்றாள் உன் சித்தி. திரும்பவும் கிண்ணம். திரும்பவும் வண்டல்.

ஆகையால் என் கோரிக்கை இது. இந்தக் கடிதம் கண்ட அரை நாழிகைக்குள் போன் செய்து, வருடத்துக்கு ஒரே ஒரு உருண்டை, எலுமிச்சம்பழ அளவில், சித்தப்பாவுக்குக் கொடுக்கலாம் என்று உன் அம்மாவுக்கு உத்தரவிட வேண்டும். தவறினால் நான் காசிக்குப் போய், ஜனங்கள் அங்கே விடுகிற வழக்கப்படி எனக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிடுவேன். ஆவக்காயை அல்ல. உன்னை.

இதுவரை ஒரு பருக்கை ஆவக்காய்ச் சோறுகூட என் நாக்கில் படவில்லை என்பதையும் கோதாவரி சாட்சியாகப் பதிவு செய்கிறேன். உன் பங்கு ஜாடியை அடுத்த வாரம் நாகபுரி வரும் நம் ஊர்க் கண்டக்டருடைய தம்பியிடம் கொடுத்தனுப்புகிறோம். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். நீ தீர்க்க சுமங்கலியாக, நெய்யும் பருப்பும் குறையாமல், பிறர் பிரஷரை ஊருக்குச் சொல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நாற்பத்தோரு வருட சேவைக்குப் பின் மோர் சாதம் பெற்ற உன் சித்தப்பா,
காசீபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மனசு கேட்கவில்லை. ஜாடி பேசாது, ஹைமா. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், ஆராய்ச்சி நோக்கத்தோடு, நான் சாமான் அறைக்குப் போனேன். உன் அம்மா எனக்கு முன்னாலேயே அங்கே நின்று, விரல் நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறைச்சல்" என்றாள்.

"எப்பத் தெரிஞ்சுது அண்ணி?"

"மொத நாளே. நான் கடுகு அரைக்க மில்லுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள உப்பு விழுந்துடுச்சு. மிச்ச உப்புல கை வெச்சேன், ஒட்டிச்சு. காயவெக்காம போட்டிருக்கு பொண்ணு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வந்த மொத வருஷம் காசீ. ஆசை ஆசையா நோட்டும் தராசுமா உக்காந்திருக்கு. அத மாமியார் வாயால கேக்கணுமா? நீ சொல்லு. எதையாவது உளறிச் சொல்லு. நீ சொன்னா சிரிச்சுக்கிட்டே திருத்திக்கும்."

என் அம்மா காலத்திலும் இதே கதைதான். அப்போது மருமகளாக நின்றவள் இவள். மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று கொல்லையில் என்னைப் பிடித்து, "நீ சொல்லு காசீ, உன்ன அடிக்கமாட்டாங்க" என்றாள். அடித்தார்கள். அது வேறு விஷயம். நாற்பத்தோரு வருடமும் உப்புப் பார்த்தவள் அவள். நான் வெறும் வாய்.

கூலி கேட்டேன். ஒரு மாங்காய்த் துண்டை, குழந்தைக்குச் செய்கிறதுபோல் மூன்று தண்ணீரில் கழுவி, நெல்லிக்காய் அளவு சோற்றில் பிசைந்து, "ஹைமாகிட்ட சொல்லாத" என்று என் கையில் வைத்தாள். அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு நான் பொறுப்பல்ல. மாத்திரையை இரண்டு வேளையும் போட்டுக்கொள்கிறேன், நீ பயப்படாதே.

ப்ரத்யூஷாவுக்கு மட்டும் காது என்றே இருக்கட்டும். ஆகவே, மேலே எழுதியவற்றில் ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் நம்பு: உப்பு குறைச்சலாகத்தான் இருந்தது.