கடலுக்கு ஒரு மூட்டை உப்பு

தூத்துக்குடிக் கடலில் உப்பு போதவில்லை என்று ஒரு மூட்டை உப்பைக் கொட்டிய ஒரே ஆள் நான்தான். ஊரைச் சுற்றி உப்பளம். உதட்டை நக்கினாலே கரிக்கும். அந்த ஊரில் பிறந்து, பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறிய பிறகுதான் இதைச் செய்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். (படிக்காதவள் எவளும் இதைச் செய்திருக்க மாட்டாள் என்பது என் அம்மாவின் கட்சி.)

எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா பழைய துறைமுகத்திலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்த்தோணியின் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். அதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன். இட்லிச் சட்டி ஆவி விட்டால் அது ஏன் ஆவி விடுகிறது என்று விளக்குவேன். கேட்டவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

மதுரைக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவுக்கு மணப்பாட்டில் ஒரு மாப்பிள்ளை மேல் ஆசை. அப்பா எந்தப் பக்கமும் வாய் திறக்கவில்லை. கையெழுத்துக்காகக் காத்திருந்த விண்ணப்பத்தை என் ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் அப்பாவின் தோணி ஒருமுறை இரண்டு நாள் தாமதமாக வந்தது. பாய் கிழிந்திருந்தது. நடுக்கடலில் ரேடியோவின் பாட்டரிக் கட்டை தீர்ந்துபோய், புயல்காற்று வரப்போகும் செய்தியைக் கேட்க முடியாமல் போயிருக்கிறது. அந்த இரண்டு நாளும் அம்மா மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். நானும் நின்றேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. அப்பா வந்து சேர்ந்ததும் அந்தப் பயம் கோபமாக மாறியது. சுற்றிலும் உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு மின்சாரம் இல்லை என்பதா?

தோணியின் அடிமரத்தைப் புழு அரிக்காமல் இருக்கச் செப்புத் தகடு அடிப்பார்கள். அதில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீட்டில் கிடந்தன. தீர்ந்துபோன பாட்டரிக் கட்டைகளை உடைத்தால் மேல்கூடு துத்தநாகம். அம்மாவின் பத்துக் கண்ணாடித் தம்ளர்களில் கடல்தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு செம்பும் ஒரு துத்தநாகமும் போட்டு, கம்பியால் வரிசையாக இணைத்து, கடைசி இரண்டு முனைகளையும் தோணியிலிருந்து எடுத்துவந்த ரேடியோவுக்குக் கொடுத்தேன். பாடியது! கொழும்பு ஸ்டேஷன் எங்கள் சமையலறையில் பாடியது.

அப்பா ஒரு தம்ளரை விரலால் ஆட்டிப் பார்த்தார்.

"தோணில தம்ளர் நிக்குமாளா? ஒரு ஆட்டத்துக்குத் தாங்காதே."

"தம்ளர் எதுக்குப்பா? அங்கனதான் கடலே இருக்கே. தகட்டை அப்படியே தண்ணிக்குள்ள எறக்கிர வேண்டியதுதான்."

"அப்போ தோணில பாட வையி. மதுரைக்குக் கையெழுத்துப் போடுதேன்."

நான் வீட்டில் ஒரு தடவை சோதித்துப் பார்த்திருக்கலாம். ஒரே ஒரு வாளி போதும். ஆனால் பத்துத் தம்ளர் தண்ணீருக்கே பாடுகிற ரேடியோ ஒரு கடலுக்கு என்ன பாடு பாடும் என்ற நினைப்பிலேயே மிதந்துகொண்டிருந்தேன். (சத்தம் கூடிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் ஒரே கவலை.)

தோணி புறப்படும் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பாதித் தெரு துறைமுகத்துக்கு வந்துவிட்டது. நான்தான் எல்லோரையும் கூப்பிட்டிருந்தேன். ஒரு பலகையில் பத்து ஜோடித் தகடுகளையும் வரிசையாக அடித்து இணைத்திருந்தேன். சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பலகையைக் கடலில் இறக்கினேன். ரேடியோவின் காதைத் திருகினேன்.

மூச்சு இல்லை. ஒரு கரகரப்புக்கூட இல்லை.

கம்பிகளைத் திருகினேன். பலகையை ஆட்டினேன். கூட்டம் பொறுமையாகத்தான் இருந்தது. அப்பாவின் தோணியில் சுக்கான் பிடிக்கும் சூசை மாமாதான் ஆரம்பித்துவைத்தார்.

"ஏளா, கடலுக்கு உப்புப் பத்தலையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரையோரத் தண்ணீர் நீர்த்துப் போயிருக்குமல்லவா? இந்த மனிதர் தெரியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டாரே என்று எனக்குப் புல்லரித்தது.

"ஆமா மாமா, அதேதான்! ஒரு மூட்டை உப்பு கொண்டுவாங்க!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய், கரையில் அடுக்கியிருந்ததில் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து பிரித்துக் கொடுத்தார். மொத்தத்தையும் பலகையைச் சுற்றிக் கொட்டினேன். கலங்க வேண்டுமே என்று துடுப்பால் கிண்டவும் செய்தேன். துறைமுகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அப்பா மட்டும் சிரிக்காமல் பாய்க்கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மதுரை போய்விட்டது. ரேடியோ இல்லாமலேயே அவர் இன்றைக்கும் போகப்போகிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், கையில் பச்சைக்கறை படிந்த ஒரு தம்ளரோடு.

"என் தம்ளரு பத்தையும் நாசமாக்கிட்டு இங்கன நின்னு கடலைக் கிண்டிக்கிட்டு இருக்கா! ஏளா, கடலு ஒண்ணேதான கெடக்கு, வீட்டுல மட்டும் எதுக்குளா பத்து தம்ளரு?"

கடல் ஒன்று. தம்ளர் பத்து.

அழுகை நின்றுவிட்டது. தண்ணீர் தனித்தனியாக இருந்ததால்தான் அது பத்து மின்கலம். பத்தின் பலமும் கூடியதால்தான் ரேடியோ பாடியது. எல்லாவற்றையும் ஒரே தண்ணீரில் முக்கினால், ஒன்று தருகிற மின்சாரத்தை அந்தத் தண்ணீர் வழியாகவே மற்றது தின்றுவிடும். கல்லூரியில் இதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்!

"அப்பா, ஒரு மணி நேரம்!"

தோணியில் முணுமுணுத்தார்கள். காற்று நல்ல காற்று, விட்டால் போய்விடும். அப்பா அவர்கள் பக்கம் திரும்பினார்.

"காத்து எங்கலே போயிரும்? நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமைச் சேலையோடு ஓடினேன். சிரித்த பெண்களே ஊறுகாய்ப் பாட்டிலைக் காலிசெய்து கொடுத்தார்கள். வாய் அகன்ற பாட்டில்கள் பத்து. ஆடாமல் இருக்கத் தடுப்பு வைத்த ஒரு சோடாப் பெட்டி, தடுப்புக்கு ஒரு பாட்டில். பலகையிலிருந்து பிடுங்கிய தகடுகளைப் பாட்டிலுக்கு ஒரு ஜோடியாகப் போட்டு, சிந்தாமல் இருக்க மூடியில் கம்பிக்கு ஓட்டை போட்டு மெழுகால் அடைத்தேன். தண்ணீர் மட்டும் அதே கடல்தான், நான் உப்புப் போட்ட இடத்திலேயே மொண்டது.

ரேடியோவைத் திருகினேன். ஏதோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து கொழும்பு ஸ்டேஷன் கணீரென்று பாடியது. சூசை மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"எங்க அந்தக் காயிதம்?" என்றார் அப்பா.

ஜெபப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பாடிக்கொண்டிருந்த சோடாப் பெட்டியின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தோணியில் ஏறினார். அந்தப் பயணத்தில் போகும்போதும் வரும்போதும் வானிலைச் செய்தி கேட்டார்கள். தண்ணீரை மாற்றி, தகட்டைத் தேய்க்கும் வேலையைச் சூசை மாமா தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

நான் மதுரைக்குப் புறப்பட்ட அன்று அப்பா பெட்டியைத் தூக்கி வந்து ரயிலில் வைத்தார். விடுதியில் திறந்து பார்த்தால், துணிகளுக்கு மேலே காகிதத்தில் பொட்டலம் கட்டிய ஒரு படி கல்லுப்பு. மேலே அவர் கையெழுத்தில், "வைகையில் போட" என்று எழுதியிருந்தது. சிரித்துச் சிரித்து, கடைசியில் அழுதுவிட்டேன்.

பிறகு முப்பது வருஷம் கல்லூரியில் மின்கலப் பாடம் நடத்தினேன். ஒரு மாணவியும் அந்தக் கேள்வியில் தப்பு விட்டதில்லை, ஏனென்றால் உப்பு மூட்டையைச் சொல்லாமல் நான் பாடத்தை ஆரம்பித்ததில்லை. எங்கள் வீட்டில் மட்டும் இன்றுவரை சாப்பாட்டுக்கு உட்கார்ந்து நான் உப்புக் கேட்டால் உடனே கைக்கு வராது. மருமகன் உட்பட எல்லோரும் ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே குரலில் கேட்பார்கள்: "உங்களுக்கா, கடலுக்கா?"

நான் தலையை நிமிர்த்தியே சொல்லுவேன்: "எனக்குத்தான். கடலுக்கு அன்னைக்கே போட்டாச்சு."