புள்ளிக் குதிரைக்கு இன்னொரு புள்ளி

டென்மார்க் முழுவதும் தேடினாலும், குதிரைகளுக்கு முறை பார்த்துக் கல்யாணம் செய்துவைத்த மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். கிரின்ஸ்டெட் தமிழர்கள் அவரைக் ‘குதிரையர்’ என்பார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று கட்டாயம் இருந்திருக்கும்; யாரும் அதைத் தேடிப் போகவில்லை. மணவறையைச் சுற்றி வருகிற மாப்பிள்ளையை முன்வரிசையில் இருந்து உற்றுப் பார்த்துவிட்டு, மேளம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, “பின்னங்கால் நல்லம். நடைதான் கொஞ்சம் ஒடுக்கம்” என்று சொன்னவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நான் பால் கறக்கும் ரோபோக்களைத் திருத்துகிறவள். வைலேயிலிருந்து யூலாந்தின் பண்ணைகளுக்கெல்லாம் காரில் அலைகிற வேலை. எந்தக் கோளாறையும் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பிரித்துக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும். அன்று போன பண்ணை கிரின்ஸ்டெட்டுக்கும் அப்பால் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, காற்று, பஸ் எட்டிப் பார்க்காத தெரு. டென்மார்க்குக்கு ஒரு வன்னி உண்டென்றால் அது அதுதான். முதலாவது காரணம் தூசி, இரண்டாவது காரணம் கம்பி என்று ரோபோவுக்கு அடியில் படுத்திருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

“மருமோனே, மாமி வாற நேரமடா. மரியாதையா நில்லு.”

ஏதோ குடும்பத்துக்குள் போய்விட்டேன் என்று நினைத்து எழுந்து எட்டிப் பார்த்தேன். ஒரு மனிதர், ஒரு குதிரை. குதிரை வெள்ளை, மேலெல்லாம் யாரோ மைப்போத்தலை உதறியது போலக் கறுப்புப் புள்ளிகள். மாமி என்பது பண்ணைக்காரி கியர்ஸ்டன்.

“தமிழோ பிள்ளை?” என்றார்.

“ஓம் மாமா.”

“நல்லது. உந்த மிசின் எங்கையும் ஓடாது. இஞ்சை வந்து இவன்ர கண்ணைப் பாரும். ஆனா வடிவெண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்.”

அவர் கணக்கில் அந்தக் குதிரையின் தாய் அவருக்குத் தங்கச்சி. ஆகவே மகன் மருமகன். எனக்குக் கணக்கு இடித்தது. “மாமா, தாய் உங்கட தங்கச்சி எண்டால் நீங்கள் அவனுக்கு மாமா. கியர்ஸ்டன் மாமி எண்டால்... உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டேன். அவர் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். விரல் விட்டு முறைகளை எண்ணிப் பார்த்தார். “ஐயோ, என்ர மனுசிக்குச் சொல்லிப்போடாதையும்” என்றார். அடுத்த முறை நான் போனபோது கியர்ஸ்டன் பெரியம்மாவாக உயர்ந்திருந்தார்.

குதிரையருக்கு ஊர் நெடுந்தீவு. அங்கே குதிரைகள் கட்டாக்காலியாகத் திரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் குதிரை தன் இரத்தத்தில் இருக்கிறது என்பார். அவரை மாடு பார்க்கத்தான் வேலைக்கு எடுத்திருந்தார்கள். முதல் நாள் கியர்ஸ்டன், “குதிரையோடு பழக்கம் உண்டா?” என்று கேட்டாராம். இவர் தயங்காமல் “ஜா” என்றாராம். “எப்படிப்பட்ட பழக்கம்?” என்று அவர் விடாமல் கேட்க, தெரிந்த அரைகுறை டேனிஷில் உள்ளதைச் சொல்லிவிட்டார்: “சின்ன வயதில் ஒருமுறை துரத்தியது.” கியர்ஸ்டன் சிரித்துக்கொண்டே கடிவாளத்தைக் கையில் கொடுத்தாராம்.

அதற்குப் பிறகு அந்தப் பண்ணையில் குதிரை வளர்த்த வரலாற்றை அவரிடம் கேட்டால், கியர்ஸ்டனிடம் கேட்பதைவிட நீளமாக வரும். கேட்காவிட்டாலும் வரும். நான் ரோபோவின் கையைக் கழற்றி மாட்டி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

“பெரியம்மான்ர அப்பப்பா சந்தைக்குப் போனது காளை வாங்க. வந்தது குதிரையோட. அதுவும் மண்ணிறம், ஒரு புள்ளியில்லை, ஒரு கால் நொண்டி. மனுசி கதவைத் திறக்கேல்லை. மனுசன் அண்டைக்குக் கொட்டிலுக்கைதான் படுத்தவர்.”

“நீங்கள் பக்கத்திலை நிண்ட மாதிரிச் சொல்லுறியள் மாமா.”

“கதையைக் கேளும். அந்த நொண்டிக்குப் பிறந்த குட்டி, மேலெல்லாம் புள்ளி! அண்டைக்குத்தான் மனுசி கதவைத் திறந்தவ.”

பிறகு உழவு இயந்திரம் வந்தது. அயல் பண்ணைகளில் குதிரைகளை எல்லாம் விற்றார்கள். இந்த வீட்டில் மட்டும் இரண்டு பெட்டைகளை மாடுகளோடு மாடுகளாகக் கட்டி வைத்துக்கொண்டார்கள். கியர்ஸ்டனின் தகப்பனுக்குக் குதிரை என்றால் ஆகாது. தாய்தான் அந்த வரிசையைக் காப்பாற்றினார். வரிசை முழுக்கப் பெட்டைகளால் வந்தது. பிறந்த ஆண் குட்டி ஒன்றுகூட இனவிருத்திக்குத் தேறவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் மாப்பிள்ளை வெளியிலிருந்துதான். “எங்கட வீட்டுப் பொடியன் ஒருத்தனும் பாஸ் பண்ணேல்லைப் பிள்ளை” என்பார், ஏதோ பல்கலைக்கழக அனுமதி தவறியது போல.

மாப்பிள்ளை பார்க்கிற விஷயத்தில்தான் குதிரையர் தன் முத்திரையைப் பதித்தார். இது நான் வருவதற்கு முன்பு நடந்தது. கியர்ஸ்டன் சொல்லிக் கேட்டது. தங்கச்சிப் பெட்டைக்கு இரண்டு ஆண் குதிரைகளை மடிக்கணினியில் காட்டினார் குதிரை இனவிருத்தி ஆலோசகர். ஒன்று பெட்டையின் தகப்பனுடைய சகோதரனின் மகன். மற்றது, தாயின் தகப்பனுக்கு வேறு பண்ணையில் பிறந்த சகோதரனின் மகன். “இரத்தக் கலப்பு இரண்டிலும் ஒரே அளவுதான். எதை எடுத்தாலும் சரி” என்றார் ஆலோசகர். குதிரையர் துள்ளி எழுந்தார். முதலாவது குதிரை சித்தப்பா மகன், அண்ணன் முறை! இரண்டாவது மாமன் மகன், மச்சான்! இதை டேனிஷில் சொல்ல அவரிடம் சொல் இல்லை. மேசையில் இருந்த கோப்பிக் கோப்பைகளை வம்சமாக அடுக்கி, சீனிப் போத்தலைப் பெட்டையாக நிறுத்தி, அண்ணன் கோப்பையைச் சீனிக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணைப் பொத்திக்கொண்டாராம்.

“எனக்கு ஒன்றும் விளங்கவில்லை” என்றார் கியர்ஸ்டன் என்னிடம். “ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபோது, இது நடந்தால் இந்தப் பண்ணையில் ஒருவரும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று மட்டும் விளங்கியது. மச்சானையே எடுத்துக்கொண்டோம்.”

அப்படிப் பிறந்தவன்தான் மருமோன்.

நாவூறு, திருஷ்டி விஷயத்தில் அவர் இன்னும் கடுமை. குட்டி பிறந்தால் பார்க்க வருகிறவர்கள் ‘ஃப்ளொட்’ என்பார்கள். வடிவு, கம்பீரம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். அந்தச் சொல் வாயிலிருந்து வரும் முன்பே குதிரையர் குறுக்கே பாய்ந்துவிடுவார். கடைசியில் கியர்ஸ்டனுக்கும் தபால்காரருக்கும் மிருக வைத்தியருக்கும் ‘வடிவில்லை’ என்று சொல்லப் பழக்கிவிட்டார். அந்த வைத்தியர் புதிதாகப் பிறந்த குட்டியின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு, மிகுந்த திருப்தியோடு, “வடிவில்லை” என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

குதிரைகளுக்குத் தமிழ்தான் தெரியும் என்பதால் ஒரு சிக்கலும் வந்தது. வைலேப் பக்கத்து ஒரு குடும்பம் ஒரு பெட்டையை வாங்கிப் போனது. வாங்கியவர்கள் மறுநாளே தொலைபேசி எடுத்தார்கள். குதிரை கொட்டில் வாசலில் குறுக்கே நிற்கிறது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் போகாது. கியர்ஸ்டன் கைப்பேசியைக் குதிரையரிடம் நீட்டினார். அவர் சத்தத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு, “பிள்ளை, கொஞ்சம் அரக்கு அம்மா. ஆக்கள் போக வேணுமெல்லே” என்றார். அந்தப் பக்கம் குளம்புச் சத்தமும் தொடர்ந்து கைதட்டலும் கேட்டன. இந்தப் பக்கம் நானும் கொஞ்சம் அரக்கி நின்றேன். என்னையும் அவர் பிள்ளை என்றுதானே கூப்பிடுவார்.

இந்தச் சிரிப்பெல்லாம் ஓர் இலையுதிர் காலத்தில் நின்றது. கியர்ஸ்டனுக்கு வயதாகிவிட்டது; மாடுகளை ரோபோ பார்த்துக்கொள்ளும், குதிரைகளை எந்த ரோபோவும் பார்க்காது. சமையலறையில் அவர் நிதானமாகச் சொன்னார்: “மருமோனைத் தேர்வுக்குக் கொண்டுபோவோம். தேறினால் இவனுடைய வரிசை இங்கே தொடரட்டும். தேறாவிட்டால் காயடித்து, சவாரிக்கு விற்றுவிடுவேன். பெட்டைகளையும் கொடுத்துவிடலாம். குதிரைக் கொட்டில் கன்றுகளுக்கு.”

நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. குதிரையர் கையிலிருந்த பாணைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

தேர்வு விபோர்க் பக்கத்தில் ஒரு மண்டபத்தில். குதிரையை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு கியர்ஸ்டன் முன்னால் போனார். குதிரையர் என் காரில். அவரை முன் வண்டியில் ஏற்றினால் வழி முழுக்க ‘பின்னால் பார், பின்னால் பார்’ என்று கியர்ஸ்டனின் கழுத்தை நோக வைப்பாராம். மகனின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுசூட்டுப் போட்டிருந்தார்.

“பிள்ளை, கிட்டப் போகாதையும். பின்பக்கத்தைப் பாத்துக்கொண்டு வந்தால் அவன் வெக்கப்படுவான்.”

மண்டபத்தில் மருமோன் இறங்கியதும் பிரச்சினை தொடங்கியது. சனம் கூடியது. நாலு பக்கமும் ‘ஃப்ளொட்’, ‘ஃப்ளொட்’ என்ற சத்தம். குதிரையருக்கு முகம் வெளிறியது. அத்தனை பேருக்கும் ‘வடிவில்லை’ பழக்க நேரம் எங்கே? நான் பதிவு மேசைக்குப் போய்த் திரும்பியபோது அவர் குதிரைக்குப் பின்னாலிருந்து விரலைத் துடைத்தபடி வந்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதை அப்போதே நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

நடுவர் ஒரு நரைமீசைக்காரர். பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஓடவிட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார். போகிற போக்கில் அன்பாகக் கன்னத்தைத் தடவினார். அவருடைய பெருவிரல் கறுப்பாகத் திரும்பி வந்தது.

புள்ளியைப் பார்த்து மதிப்பிடுகிற இனம். அதில் ஒரு புள்ளி அழிகிறது!

“இது என்ன?” என்றார் நடுவர்.

“குளம்புக்குப் பூசும் கறுப்பு எண்ணெய்” என்றேன், குதிரையரிடம் கேட்டு.

“ஏன் கன்னத்தில்?”

என் வழக்கப்படி பிரித்துச் சொன்னேன். முதலாவது, இது ஏமாற்று அல்ல. இரண்டாவது, ஆட்கள் அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் குதிரைக்குக் கெடுதி வரும் என்பது இவரது நம்பிக்கை. மூன்றாவது, அதைத் தடுக்க உடலில் ஒரு குறை வேண்டும். இந்தக் குதிரையில் குறை இல்லாததால் இவரே ஒன்றைப் போட்டிருக்கிறார்.

நடுவர் பெருவிரலைத் துடைத்துக்கொண்டார். “அதாவது, அழகுக்குப் புள்ளி போடுகிற இடத்துக்குக் கொண்டுவந்து, அழகைக் குறைத்திருக்கிறார்.”

“ஆமாம்.”

“குறைப்பதற்குக் கறுப்புப் புள்ளி வைத்திருக்கிறார்.”

“ஆமாம்.”

“கறுப்புப் புள்ளிக் குதிரையில்.”

குதிரையர் என் முழங்கையை இடித்தார். “என்னவாம்?”

“ஆயிரம் புள்ளிக்குள்ளை நீங்கள் வைச்ச புள்ளி நாவூறுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறார் மாமா.”

அவர் குதிரையின் புள்ளிகளை மேலும் கீழும் பார்த்தார். “சீ... அதை நான் யோசிக்கேல்லைப் பிள்ளை.”

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். குதிரை முழுவதையும் எல்லோருக்கும் முன்னால் கழுவ வேண்டும். இன்னும் ஒரு புள்ளி கரைந்தாலும் வீட்டுக்குப் போகலாம். யாரோ தண்ணீர்க் குழாயை இழுத்து வந்தார்கள். அது சீறியதும் பக்கத்தில் நின்ற வேறு இரண்டு குதிரைகள் பின்னங்காலில் எழும்பின. பிடித்திருந்தவர்கள் விலகி ஓடினார்கள். மருமோனின் காது பின்னுக்குச் சாய்ந்தது. கியர்ஸ்டன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

குதிரையர் குழாயைத் தன் கையில் வாங்கினார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீரை முதலில் தன் காலில் விட்டுக் காட்டினார். பிறகு மெதுவாகக் குதிரையின் காலில் விட்டபடி கதை சொல்லத் தொடங்கினார்.

“உன்ர பூட்டிக்கும் பூட்டி ஆர் தெரியுமோடா? காளை வாங்கப் போன இடத்திலை வந்தவள். நொண்டி. ஒரு புள்ளியில்லை. வீட்டிலை கதவு திறக்கேல்லை. மற்றக் காலைத் தூக்கு... ஆ, அப்பிடி. அவளுக்குப் பிறந்தவள்தான் முதல் புள்ளிக்காரி. பிறகு உழவு மிசின் வந்தது, எல்லாரையும் வித்தவை. உங்கட ஆக்களை மட்டும் விக்கேல்லை. கொஞ்சம் அரக்கு ராசா...”

முழு வரலாறும் சொன்னார், மச்சான் கதை உட்பட. தண்ணீர் முதுகில் ஓடியது, கழுத்தில் ஓடியது, முகத்தில் ஓடியது. மருமோன் ஒரு காதைக் குதிரையரின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, குழந்தைப் பிள்ளை தலைமுழுக நிற்பது போல நின்றான். கால் கேட்டால் கால் கொடுத்தான். நரைமீசைக்காரர் குனிந்து, நிலத்தில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தெளிவாக ஓடியது.

முடிவை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். நடை, நன்று. கட்டு, நன்று. குணத்துக்கு அன்றைய நாளின் மிக உயர்ந்த மதிப்பு. இனவிருத்திக்குத் தெரிவு. வாசித்தவர் கொஞ்சம் நிறுத்தி, அடுத்த தடவை கறுப்பு எண்ணெய் இல்லாமல் குதிரையை மட்டும் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டார். மண்டபம் சிரித்தது. குதிரையருக்குச் சிரிப்பு விளங்கவில்லை.

“பாசோ?” என்று கேட்டார்.

“பாஸ், மாமா.”

“அப்ப கொட்டிலுக்குக் கண்டுகள் வராதோ?”

“வராது.”

அவர் வைக்கோல் கட்டில் இருந்துவிட்டார். கோட்டு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கியர்ஸ்டன் வந்து பக்கத்தில் இருந்தார். இருவரும் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது காரின் சூட்டை முழுதாக ஏற்றிவிட்டேன். நனைந்த கோட்டோடு முன் இருக்கையில் சுருண்டு, அவர் கிரின்ஸ்டெட் வரும்வரை நித்திரை கொண்டார்.

போன வருடம் முழங்கால் ஏலாமல் போக, மகன் வந்து அவரைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மருமோனின் குட்டிகள் பண்ணையில் ஓடுகின்றன. என் காரில், மழை நாட்களில் கண்ணாடியை ஏற்றிவிட்டால், முன் இருக்கையிலிருந்து இன்னும் நனைந்த குதிரை மணக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லோரும் மூக்கைச் சுளிக்கிறார்கள். ரோபோக்களைக் கழுவ நாங்கள் பாவிக்கிற திரவம் எப்பேர்ப்பட்ட மணத்தையும் ஒரே துடைப்பில் எடுத்துவிடும். அந்த இருக்கைக்கு மட்டும் அதை நான் இன்னும் போடவில்லை.