கராச்சியிலிருந்து ஆம்பூருக்கு ஒரே நாள்

விமானத்தில் ஏறாதவர்களுக்குத்தான் அது எத்தனை நேரத்தில் போய்ச் சேரும் என்று சந்தேகமில்லாமல் தெரியும். கராச்சியும் நம் நாட்டில் இருந்த அந்தக் காலத்து ஆம்பூரில் அப்படித் தெரிந்தவள் நான் ஒருத்திதான். (கையெழுத்துப் போடுவதற்கு மேல் எனக்குப் படிப்பில்லை. பேசுவதற்கு அது என்றைக்கும் தடையாக இருந்ததில்லை.)

என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். கராச்சிச் சரக்கில் ஏதோ தகராறு என்று முதலாளி அவரையும் அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தார். இங்கே அந்த வாரமே என் தங்கைக்கு நிச்சயம். அப்பா இல்லாத வீடு. தாம்பூலத் தட்டை இவர்தான் மாற்றியாக வேண்டும். ரயிலில் வந்தால் நாள் தவறிவிடும், அதனால் நாளைக் காலை தபால் விமானத்தில் ஏற்றிவிடுகிறேன் என்று முதலாளி தந்தி கொடுத்திருந்தார்.

அதை வாசித்துச் சொன்ன மண்டிக் குமாஸ்தா, "விமானம் மெட்ராஸ் வரைக்குந்தாம்மா. ராத்திரில பறக்காது. நடுவுல பம்பாயில..." என்று இழுத்தார்.

"பறக்கறதுக்கு நடுவுல இன்னா பம்பாய்? காலைல ஏறுனா சாயந்தரம் இங்க!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சரி, எங்கே இறங்குவார்? தோல் காயப்போடும் களம்தான் எங்கள் வீட்டுப் பக்கம் இருந்த ஒரே வெட்டவெளி. களத்து மேஸ்திரியைப் பிடித்து உலுக்கி, பாதி காய்ந்த தோல்களையெல்லாம் சுருட்டி ஓரங்கட்ட வைத்தேன். முதலாளி வேலையாகப் போனவர் இறங்குகிறார் என்றதும் மேஸ்திரியும் எதிர்த்துப் பேசவில்லை.

நாளைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்று நான் சொல்லியனுப்பியதில், மறுநாளே நாட்றம்பள்ளியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. அடுப்புக்கு ஓடினேன், களத்துக்கு ஓடினேன், பருந்து வட்டமிட்டால்கூட "வந்துட்டாரு!" என்று கத்தினேன். வெயில் சாய்ந்தது. சம்பந்தியம்மா எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, உங்கூட்டுக்காரரு வருவாரா மாட்டாரா? நாங்க கெளம்பறோம்."

உள்ளே தங்கை அழுதாள். "அக்கா, உன் வாயால என் கல்யாணமே போச்சு!"

அப்போது மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார். "இரும்மா. ஆகாசத்துல வந்தவரு கையால தட்டு வாங்குனவங்க நம்மூர்ல யாரு கீறாங்க? இருந்து வாங்கினே போலாம்."

அந்த ஆசையில் கூட்டம் மொத்தமும் மறுபடி உட்கார்ந்தது. மறுநாளும் உட்கார்ந்திருந்தது. (ஒரு பொழுதுக்கு ஆக்கிய சோற்றை வைத்துக்கொண்டு நான் பட்ட பேஜாரைக் கேட்காதீர்கள்.)

அதற்கடுத்த காலையில், ரயிலடியிலிருந்து ஜட்கா வண்டியில், விமான இரைச்சலுக்குக் காதில் அடைத்த பஞ்சும் பேயடித்த முகமுமாக இவர் வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. களத்தைத்தான் பார்த்தார்.

"தோலுங்க எங்க? மழையா?"

"நீ எறங்கறதுக்குத்தான்யா எடம் வுட்டோம்," என்றார் மேஸ்திரி. "உன் பொண்டாட்டி உத்தரவு."

சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை தெறித்தது. இவர் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுச் சுருட்டிய தோல்களைப் பிரிக்க உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடப் போனார். தோல் நாற்றம் போகாத கைகளோடுதான் தட்டு மாறியது.

இன்றைக்குத் தங்கை வீட்டில் விமானம் ஏறாதவர்கள் கம்மி. யாராவது வருவதாகச் சேதி வந்தால், அவள் பிள்ளைகள் முதலில் சொல்வது இதுதான்: "எப்ப வந்து சேருவாங்கன்னு பெரியம்மாவ மட்டும் கேக்காதீங்க!"

(கேட்டால் சரியாகத்தான் சொல்வேன். கேட்டால்தானே!)