உங்கள் படலையில் நில்லாத கார்

உ
சிவமயம்

மானிப்பாய்,
வெகுதானிய வருடம், ஆனி மாதம்.

கொக்குவிலில் வாழும் பெருமதிப்புக்குரிய சண்முகநாதன் அண்ணை அவர்களுக்கு, தங்களுக்குச் சம்பந்தியாக வர இருந்தவனும், இனியும் வரலாமோ என்று ஏங்கிக்கொண்டிருப்பவனுமாகிய அருளம்பலம் தலை குனிந்து எழுதிக்கொள்வது. முழங்கால் தோலையும் மானத்தையும் தவிர இங்கே மற்றெல்லாம் சுகம். தங்கள் வீட்டாரின் சுகத்தை விசாரிக்க எனக்கு முகம் இல்லை, என்றாலும் விசாரிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை தாங்கள் சால்வை போட்டு, வாசலில் நிறைகுடம் வைத்து, இனசனத்தோடு படலைக் கதவைத் திறந்துவைத்துக் காத்து நின்றீர்கள். என் மகள் கமலாவதிக்கும் தங்கள் மகன் நடராசாவுக்கும் கலியாண நாள் வைக்க வெற்றிலைத் தட்டத்தோடு வந்த நானும் மனைவி சிவக்கொழுந்தும் காரில் உங்களைக் கடந்து போய்விட்டோம். தேர்தலில் வென்றவன் ஊர்வலம் போவதுபோல நான் கும்பிட்டுக்கொண்டு போனதாகத் தாங்கள் சொன்னீர்களாம். அண்ணை, அது பெருமை இல்லை. கார் நிற்கவில்லை.

காரணத்தைச் சொன்னால் தங்கள்மேல் பழி போடுவதாக நினைக்கக் கூடாது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரையிடம் நான் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றிப் பார்த்து, சில்லைக் கைத்தடியால் தட்டி, "உடம்பு சீமை, கால் மாட்டுவண்டில்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுத்த தபாலிலேயே கொழும்பில் கார்ச் சாமான் விற்கிற கடைக்கு எழுதி, சில்லுகளின் நடுவில் அச்சைப் பிடிக்கிற அலுமினியக் குடமும், பிறேக் கட்டை உள்ளே உரசிப் பிடிக்கிற அலுமினிய ட்றம்மும் அனுப்பச் சொன்னேன். பாரம் குறையும், சூடு கெதியாய் ஆறும் என்று அவர்களுடைய படப் புத்தகத்தில் போட்டிருந்தது. சிவக்கொழுந்து இதை அரைகுறையாய்க் கேட்டுவிட்டு, "ஊரிலை இல்லாத குடமும் மேளமுமே கொழும்பிலையிருந்து எடுப்பிக்கிறியள்? பெட்டையின்ரை கலியாணத்துக்கு அலுமினியக் குடம் வைச்சால் சனம் காறித் துப்பும்!" என்று சொல்லிக் கொஞ்ச நாள் என்னோடு கதைக்கவே இல்லை.

பெட்டி வந்தது. சாமான் எல்லாம் வெள்ளிபோலப் பளபளப்பு. ஆனால் ட்றம்முக்குள் பார்த்தால், கறுப்பாய் ஓர் இரும்பு வளையம் இறுக்கியிருந்தது. நான் புகையிலை வியாபாரி. சிப்பத்துக்கு வெளியே நல்ல இலையும் நடுவிலே கழிவும் வைத்துக் கட்டுகிறவனை முகத்தைப் பார்த்தே பிடிக்கிறவன். என்னையே கொழும்பான் ஏய்க்கப் பார்க்கிறானே என்று ஆத்திரம் வந்து, ட்றம்மைத் தூக்கிக்கொண்டு நகை செய்யும் முருகேசுப் பத்தரிடம் போனேன். பத்தர் கண்ணாடியைப் போட்டு, உரசி, ஊதிப் பார்த்தார்.

"சுத்தக் கலப்படம் முதலாளி. நான்கூட இவ்வளவு சேர்க்கிறேல்லை."

"கழட்டும் அதை!"

நாலு ட்றம்மிலும் கழற்றினார். அப்படியே காரில் பூட்டுவித்தேன். அந்த வளையத்தில்தான் பிறேக் பிடிக்கும், அலுமினியம் மென்மையானது, அதில் பிடிக்காது என்று எனக்கு யார் சொன்னது? வளையம் போன பிறகு கட்டைக்கும் ட்றம்முக்கும் நடுவே விரல் போகும். பிறேக்கை மிதித்தால் கட்டை காற்றைத்தான் பிடிக்கும். மானிப்பாயிலிருந்து தங்கள் படலை வரைக்கும் எனக்கு நிற்க வேண்டிய தேவையே வராததால் இது தெரியவில்லை.

"உதுதான் வீடு, நிப்பாட்டுங்கோ!" என்றாள் சிவக்கொழுந்து.

"தெரியும்!"

"தெரிஞ்சும் ஏனப்பா போறியள்?"

"நான் போகேல்லை, கார் போகுது!"

"அவையள் பாக்கினம், கும்பிடவாவது செய்யுங்கோவன்!"

கும்பிட்டேன். கும்பிட இரண்டு கையும் வேணுமே, ஸ்டியரிங்கை விட்டேன். எஞ்சினை நிற்பாட்டியிருக்கலாமே என்று இப்போது ஊரெல்லாம் கேட்கிறது. அந்த நேரம் ஒருவரும் கேட்கவில்லை. கார் தன் எண்ணத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் திரும்பி, ஒரு கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு போய், அந்த வளவின் வைக்கற்போரில் தலையைக் கொடுத்து நின்றது. அது தில்லைநாதன் வாத்தியாரின் வளவு. வைக்கலுக்குள்ளிருந்து சிவக்கொழுந்து கூறைச் சேலையோடும், ஒரு வெற்றிலைகூடச் சிந்தாத தட்டத்தோடும் எழும்பினாள். வாத்தியாரின் தாய் மீனாம்பிகை ஓடி வந்தா. கலியாணமாகாத மகன் இருக்கிற வீட்டில் நல்ல நாளில் தட்டத்தோடு ஆட்கள் வந்தால் எந்தத் தாய் என்ன நினைப்பா?

"வாங்கோ, வாங்கோ! எங்கடை தம்பிக்கோ? படலை கிடக்க வேலியாலை வாறியளே, அவ்வளவு அவசரமோ!" என்று சிவக்கொழுந்தின் கையிலிருந்த தட்டத்தை வாங்கிச் சாமியறையில் வைத்துவிட்டா. சாமிக்கு முன்னால் வைத்ததைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோப்பி தந்தா. குடித்தேன். அண்ணை, வெட்கத்தோடு எழுதுகிறேன், நல்ல கோப்பி.

தங்களைக் கடந்துபோய் வேறு வீட்டில் தட்டம் கொடுத்தேன் என்று ஊர் கதைக்கிறது. தாங்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் வீம்புக்காக என் பிள்ளைக்கு வந்த சம்பந்தம் முறியக் கூடாது. நாளைக்கே போய் உண்மையைச் சொல்லித் தட்டத்தைத் திருப்பி வாங்குவேன். காரை விற்றுவிடுவேன். ஆடி பிறக்க முன்னம் தாங்கள் ஒரு நாள் சொன்னால் போதும். தங்கள் குடும்பம் நல்லூரான் கிருபையால் குறைவின்றி வாழவும், தங்கள் கோபம் கெதியாய் ஆறவும் வேண்டுகிற,

தங்கள் அன்பை இழக்க விரும்பாத
க. அருளம்பலம்

பி.கு.: ஒட்டுமுன் எழுத்துப்பிழை பார்க்கக் கமலாவதியிடம் கொடுத்தேன். வாத்தியார் வீடு வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, தட்டத்தைத் திருப்பிக் கேக்கப் போகாதையுங்கோ. பாவம், அவை ஆசையாய் வாங்கினவையெல்லே."

"உனக்கு அந்த வாத்தியாரைத் தெரியுமோ?"

"உடுவில் பஸ்ஸிலை ஒருக்கால் எனக்கு இடம் விட்டவர்."

பஸ்ஸில் ஒருக்கால் இருக்க இடம் கிடைத்ததற்கு ஒரு பெட்டையின் முகம் இவ்வளவு சிவக்காது. தாய்க்காரி அடுப்படியில் நின்று, "உங்களுக்கு மட்டும்தான் தெரியாது" என்கிறாள். ஆகையால் அண்ணை, மேலே எழுதியதில் மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கோ. கலியாணத்துக்குச் சொல்ல நானே நேரில் வருவேன். நடந்து வருவேன்.